சாஸரில் போட்ட புளியங்கொட்டைகள்

யுத்தம் முடிந்துவிட்டதால் இதை இப்போது எழுதலாம். அடையாற்றில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவின் மாடியில் எங்கள் பிளாட்டிங் ரூம் இருந்தது. கப்பல்கள் காலையும் மாலையும் மட்டுமே வயர்லெஸ்ஸில் இருப்பிடம் சொல்லும். இடையில் அவை எங்கே இருக்கக்கூடும் என்று வேகம், காற்று, நீரோட்டம் பார்த்துக் கணிப்பது எங்கள் வேலை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்டர்மீடியட்டில் கணக்கில் முதல் வகுப்பு. ராயப்பேட்டையில் ஜட்கா ஓட்டும் அப்பாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. “இன்னாம்மா, என் குதிர எங்க திரும்பும்னு எனக்கே தெரியல. நீ கண்ணுல பாக்காத கப்பலுக்குக் கணக்கு போடுறியா?” என்று சிரிப்பார்.

ஒரு கப்பல் காணாமல் போனால், கடல் வரைபடமான சார்ட்டைக் கட்டங்களாகப் பிரித்து, வாய்ப்பு அதிகமுள்ள கட்டத்தில் அதிகப் புளியங்கொட்டை வைப்போம். ‘மூழ்கிவிட்டது, ஒருவரும் மிஞ்சவில்லை’ என்ற வாய்ப்புக்கு ஓரத்தில் ஒரு சாஸர். விமானம் ஒரு கட்டத்தில் தேடி ஒன்றும் காணாவிட்டால், அங்கிருந்து ஒரு பங்கை எடுத்து மற்றக் கட்டங்களுக்கும் சாஸருக்கும் பகிர்வோம். மேகம் இருந்தால் பைலட் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். அதனால் குறைவாக எடுப்போம். சார்ட்டைவிடச் சாஸரில் கூடிவிட்டால் தேடலை நிறுத்திவிடுவார்கள்.

ஒருநாள் விசாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய கப்பலின் மாலை ரிப்போர்ட் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் விமானம் போனது. ‘ஒன்றுமில்லை’ என்று போன் வரும்போதெல்லாம் நான் கணக்குச் சொல்ல, என்னோடு வேலை பார்த்த, சாந்தோமிலிருந்து வரும் பிலோமினா கொட்டைகளை மாற்றினாள். பிற்பகலுக்குள் சாஸர் குவிந்துவிட்டது.

“போறும்னு நெனைக்கறேன். சாஸர்லதான் ஜாஸ்தியாத் தெரியறது” என்றார் எங்கள் அதிகாரி ராகவன்.

“எண்ணிடலாம் சார்” என்றாள் பிலோமினா.

எண்ணினாள். சார்ட்டில் மூன்று கொட்டை அதிகம். காலையில் மேகத்துக்கு நடுவே தேடிய வடக்குக் கட்டத்தில்தான் நிறைய மிச்சம்.

“பாத்த எடத்தையே திரும்பப் பாருன்னா பைலட் என்னைக் கடிச்சுத் தின்னுடுவான்” என்று முனகிக்கொண்டே அவர் போனை எடுத்தார்.

அங்கேதான் உயிர்ப்படகு கிடைத்தது. கைதட்டினோம். பிலோமினா தட்டவில்லை.

“சார், வயர்லெஸ் ஆபரேட்டர் அதுல இருக்கானான்னு கேளுங்க. என் தம்பி.”

ராகவன் மறுபடி போனை எடுத்தார். எங்களுக்குக் கப்பல் என்றால் வெறும் எண், பெயர் சொல்லமாட்டார்கள். ஆனால் தம்பி அன்றைக்கு விசாகப்பட்டினத்திலிருந்து கிளம்புகிறான் என்று அவளுக்குத் தெரியும். அங்கிருந்து கிளம்பியது அந்த ஒரு கப்பல்தான். காலையிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தம்பி செத்திருப்பான் என்பதைத் தன் கையாலேயே, கொட்டை கொட்டையாக, சாஸரில் போட்டிருக்கிறாள். ‘சாஸருக்கு இன்னும் நாலு’ என்று கூவிக்கொண்டிருந்தவள் நான்.

“இருக்கானாம்மா. கையில தீக்காயம். பேசறானாம்” என்றார் ராகவன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். “சாஸர்ல ரெண்டு கொட்டையைக் கம்மியாப் போட்டிருந்தா யாருக்குடி தெரியப்போவுது?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “என் தம்பியைத் தேடுறப்பவா, கன்னியம்மா, தப்பா எண்ணுவேன்?”

யுத்தம் முடியும்வரை வேலைக்குப் புதிதாக வந்த பெண்களுக்குக் கணக்கை நான் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவேன். வேண்டாத விடையையும் குறைக்காமல் வைக்கும் கையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.