கமலாட்சியின் கறுத்த கசாயம்

அடுத்த கிழமை கலியாணம். என் மகள் கிருசாந்தி கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுகிறாள். பல்லெல்லாம் கறுப்பு! எனக்கு வந்த கோபத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே கமலாட்சி வீட்டுக்குப் போனேன்.

கமலாட்சி யாரென்று சொல்லிவிடுகிறேன். இரணைமடு வாய்க்கால் ஓரம், எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. வேப்பம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய், கராம்பு எல்லாம் அவித்து, வாய் கொப்பளிக்கும் கசாயமாகப் போத்தலில் அடைத்து விற்கிறவள். வெற்றிலை போட்டுப் போட்டு முரசு, அதுதான் பல்லீறு, புண்ணாகிப்போன வயல்வேலைப் பெண்களுக்காகத் தொடங்கியது. புருசன் போன பிறகு பிள்ளைகளை அந்த அடுப்பில்தான் வளர்த்தாள். ஆனால், "பூச்சிப்பல்லுக்கு இது சரிவராது, ஆசுப்பத்திரிக்குப் போங்கோ" என்று வந்தவர்களைத் திருப்பியும் அனுப்புவாள். யாவாரம் செய்கிற ஆளா இது!

கிருசாந்திக்குப் பல் விளக்கினால் முரசில் இரத்தம் வரும். கமலாட்சியின் கசாயம் கொப்பளித்துத்தான் அது நின்றது. கடைசியாக வாங்கிய போத்தலில்தான் இந்த வில்லங்கம்.

"என்ன கமலாட்சி செய்து வைச்சிருக்கிறாய்? பிள்ளை சபையில வாய் திறக்க வேண்டாமோ?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்தேன்.

"பிள்ளை போன் எடுத்துச் சொன்னவள் அண்ணை. இதைப் பாருங்கோ." குசினியிலிருந்து இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஒன்று நல்ல சிவப்பு. மற்றது மை மாதிரி.

"சிவப்பு, கோயில் கிணத்துத் தண்ணி. என்ர கிணறு வத்தினதால இந்தமுறை குழாய்க்கிணத்துத் தண்ணியிலதான் அவிச்சனான். அது இரும்புத் தண்ணி, தேத்தண்ணி கறுக்கும் எண்டு ஊருக்கே தெரியும். கடுக்காயும் கறுக்கும் எண்டு நான் யோசிக்கேல்லை. பிழை என்ரதான்."

சண்டைக்குப் போனவனுக்குச் சண்டை கிடைக்கவில்லை. பின்னேரமே சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் போத்தல்களைத் திருப்பி வாங்கி ஊற்றிவிட்டாள். மறுநாள் கிருசாந்தியைப் பல் வைத்தியரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள்.

"மேல படிஞ்ச கறைதான். முரசு நல்லா ஆறியிருக்கு" என்று சொல்லி வைத்தியர் துப்புரவாக்கிவிட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தாள். கமலாட்சி மட்டும் வாயைப் பொத்தியபடியே போனாள். நல்லாய் வெட்கப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

கலியாண வீட்டில் படம் எடுக்கிற நேரம். மூலையில் நின்ற கமலாட்சியைக் கிருசாந்தி இழுத்து வந்தாள். "அக்கா, சிரியுங்கோவன்!" என்று அவள் வாயைப் பொத்தியிருந்த கையைப் பிடித்து விலக்கினாள்.

ஐயோ! அவளுடைய பல்லும் கறுப்பு.

"இதென்ன கோலம்?" என்றேன்.

"எப்பவும் முதல் போத்தல் நான்தானே கொப்பளிக்கிறது. வெத்திலைக் கறை எண்டு நினைச்சிட்டன் அண்ணை."

"அண்டைக்கே நீயும் துப்புரவாக்கியிருக்கலாமே?"

"கறை எடுக்க டொக்டர் எனக்கு முந்தியே தந்த நாள்தான் அது. டொக்டரிட்டைக் கேட்டுப் பிள்ளைக்கு விட்டன். எனக்கு இனி வாற மாதம்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தப் படம் எங்கள் வீட்டு முன்சுவரில் தொங்குகிறது. கிருசாந்தியின் பல் பளிச்சென்று வெள்ளை. பக்கத்தில் கமலாட்சி, கறுத்த பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அவளைத்தான்.