வளையலில் பூத்த ஈரம்

அரும்பாவூர்ப் பக்கத்தில் அரியமுத்துவைப் பொய் சொல்லாத மனிதர் என்பார்கள். ஐம்பத்திரண்டு வயது. ஐந்தாவது வரை படித்தவர். குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. சந்தைக்குக் கொண்டுபோன மூட்டையில் அழுகல் இருந்தால், வாங்குகிறவர் பிரிப்பதற்கு முன்பே தானாகச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு பொய் சொன்னார். மனிதரிடம் இல்லை, கைபேசியிடம்.

அவர் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம். பிடுங்கிக் காயவைத்த வெங்காயத்தை விலை வரும்வரை வயலிலேயே சேமிப்பார்கள். அடியில் கல் வைத்து, குச்சி கட்டி, மேலே கீற்று வேய்ந்த நீளமான கூண்டு அது. பட்டறை என்று பெயர். ஊரில் மற்றவர்களின் பட்டறை இரண்டு மாதத்தில் நாறும்போது அரியமுத்து வீட்டு வெங்காயம் நாலு மாதம் கழித்தும் கல் மாதிரி கிடக்கும். உழுவதும் தண்ணீர் கட்டுவதும் விற்பதும் அவர். பட்டறை முழுக்க அவர் மனைவி ஆண்டாயியின் வேலை. கல் வைப்பதிலிருந்து விடிகாலையில் தொட்டுப் பார்ப்பது வரை அவள்தான். இது ஊருக்கே தெரியும்.

வேளாண்மை அதிகாரி திருமுருகன் ஒரு நாள் போன் பண்ணினார். "ஐயா, வர்ற வெள்ளிக்கிழமை பெரம்பலூர்ல விவசாயிங்க கூட்டம். உங்க பட்டறையப் பத்தி ஸ்லைடு போட்டு நீங்க பேசணும்."

"எனக்கு அதெல்லாம் எங்கங்க தெரியும்?"

"ஏஐ கிட்ட வாயால சொல்லுங்க போதும். படமும் எழுத்துமா அதுவே பண்ணிக் குடுத்துரும்."

திருச்சியில் நர்சிங் படிக்கும் மகள் சத்யா லீவுக்கு வந்தபோது அதை அவர் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அது மரியாதையாகக் கேட்டது: "இந்தப் பட்டறையை அமைத்துப் பராமரிப்பது யார்?"

அரியமுத்து அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஊரில் யாராவது இதைக் கேட்டிருந்தால் வாய் தானாக ஆண்டாயி பேரைச் சொல்லியிருக்கும். இதற்கு ஆண்டாயியைத் தெரியாது, ஊரையும் தெரியாது. சொன்னால் நம்பிக்கொள்ளும். கூட்டத்தில் பேசப்போவது தான்தானே என்றும் மனசு ஒரு சமாதானம் சொன்னது.

"நாந்தாங்க" என்றார்.

"அருமை! உங்கள் அனுபவம் பலருக்கும் பயன்படும்" என்றது அது. அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

அதன் பிறகு அது விடவில்லை. கல் எவ்வளவு உயரம், வெங்காயத் தாளை எந்த அளவுக்கு அரிய வேண்டும் என்று கேள்வி மேல் கேள்வி. ஒன்றுக்கும் இவருக்குச் சரியாகப் பதில் தெரியவில்லை. எழுந்து போய் அடுப்படியில் கேட்பார், திரும்பி வந்து போனில் சொல்வார்.

"என்னங்க, இன்னைக்கு இவ்வளவு கேக்குறீங்க?" என்றாள் ஆண்டாயி.

"சும்மாதான். உள்ள அழுக ஆரம்பிச்சா எப்படிக் கண்டுபிடிப்ப?"

"முழங்கை வரைக்கும் கைய உள்ள விடுவேன். வளையல்ல ஈரம் பூத்துச்சுன்னா உள்ள புழுங்குதுன்னு அர்த்தம். அன்னைக்கே பிரிச்சுக் கொட்டிரணும்."

அவளுடைய வார்த்தையை அப்படியே கொண்டுவந்து போனிடம் ஒப்பித்தார். இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டு பக்கம் தயாரானது. முதல் பக்கத்தில் பட்டறை ஓரம் மீசையும் துண்டுமாக ஓர் ஆள் நின்றான். கீழே 'முன்னோடி விவசாயி அரியமுத்து' என்று பெரிய எழுத்து. அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார். மற்ற பக்கங்களைப் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு அது ஒரு நாள் வேலை.

வெள்ளிக்கிழமை ஆண்டாயியும் கூட வந்தாள். கூட்டம் முடிந்து சிறுவாச்சூர் அம்மனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏற்பாடு. பெண்கள் வரிசையில் பக்கத்து வயல் வீரம்மாளோடு உட்கார்ந்தாள். திரையில் மீசைக்காரன் வந்ததும் வீரம்மாள் அவள் இடுப்பில் இடித்தாள்.

"ஏண்டி ஆண்டாயி, உங்க வூட்டுக்காரரா பட்டறை போடுறாரு? எங்க வூட்டுக்கும் ரெண்டு நாளைக்கு அனுப்பி வையேன்!"

பின்வரிசையில் சிரித்தார்கள். ஆண்டாயி திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரியமுத்து மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பக்கமாக எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒன்பதாம் பக்கம் வந்தது.

"விடி...யற்காலையில் நான் என் கையை முழங்கை வரை உள்ளே விடுவேன். என் வளை...யலில் ஈரம் பூத்தால்..."

வாசித்த பிறகுதான் வாசித்தது காதில் விழுந்தது.

முன்வரிசையில் இருந்த உள்ளூர்க்காரர் செல்லப்பன் எழுந்தார். "அண்ணே, ஒரு சந்தேகம். வளையல நீங்க எப்பப் போடுவீங்க, எப்பக் கழட்டுவீங்க?"

மண்டபம் அதிரச் சிரித்தது. அரியமுத்துவின் கண் தன்னையறியாமல் பெண்கள் பக்கம் போனது. அவரோடு சேர்ந்து எல்லாருடைய தலையும் அங்கே திரும்பியது. ஆண்டாயி முந்தானையை இழுத்து இரண்டு கையையும் மூடிக்கொண்டாள். கண்ணாடி வளையல் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல, தப்புச் செய்தது அவள் என்பதுபோல.

"வூட்லதாங்க... அவங்கதான்..." என்றார். மைக் வாயை விட்டு விலகியிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

"சரி சரி, குடும்பமா சேர்ந்து பாடுபடுறதுதானே விவசாயம்" என்று திருமுருகன் சமாளித்து, அவர் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். கை தட்டினார்கள். அந்தத் துணி உடம்பில் கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்தது.

சிறுவாச்சூரில் சன்னதிக்கு முன்னால் நின்று அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பூசாரி கையில் போட்ட குங்குமத்தை நெற்றிக்குக் கொண்டுபோக மனசு வராமல் தாளில் மடித்துப் பையில் வைத்தார். பொன்னாடையும் அந்தப் பையில்தான் சுருண்டு கிடந்தது.

பஸ்ஸில் ஆண்டாயி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். வெகு நேரம் கழித்து ஒன்றே ஒன்று சொன்னாள். "அஞ்சாவது படத்துல தப்பு இருக்குங்க. கல்லு தரையோட தரையா கிடக்கு. நாய் பூந்து போற அளவுக்கு உசரம் வேணும். யாராச்சும் அதப் பாத்துப் போட்டா மொத்தமும் வீணாப் போயிரும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை அரியலூரில் இதே கூட்டம் நடக்க இருந்தது, அங்கேயும் அவர்தான் பேச வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஆண்டாயி களத்தில் தாள் அரிந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க. பட்டறை போடுறது நான் இல்ல, என் சம்சாரம் ஆண்டாயி. எல்லாத்தையும் மாத்திருங்க. கல்லையும் உசத்திப் போடுங்க."

கண் மூடித் திறப்பதற்குள் பன்னிரண்டு பக்கமும் மாறிவிட்டது. மீசைக்காரன் போய், வளையல் போட்ட ஒரு பெண் வந்தாள். சொன்னதற்கு நன்றி என்றது. ஏன் பொய் சொன்னாய் என்று அது கேட்கவே இல்லை. ஆண்டாயியின் இருபத்தாறு வருட உழைப்பை எடுத்ததும் ஒரு வார்த்தையில், திருப்பிக் கொடுத்ததும் ஒரு வார்த்தையில். இவ்வளவு லேசாகவா இருக்கும் என்று அவருக்கு முகம் சுருங்கியது.

"நாளைக்கு நீ வந்து பேசு ஆண்டாயி."

அரிவாளை நிறுத்தாமல் அவள் சொன்னாள்: "அன்னைக்கு அத்தனை பேரும் என் கையப் பாத்தாங்க. அதுவே போதுங்க. என்னால முடியாது. நீங்க போய்ப் பேசுங்க. பேரச் சொல்லிப் பேசுங்க."

அரியலூரில் முதல் பக்கத்தைப் போட்டதும், "இதுல இருக்கிற எதையும் நான் செஞ்சது இல்லைங்க. என் சம்சாரம் ஆண்டாயி செஞ்சது" என்றார். இந்த முறை மைக்கில் நன்றாகவே கேட்டது. வளையல் பக்கம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிலர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

முடிந்ததும் பெண்கள் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "எல்லாம் சரிங்க. இவ்வளவு தெரிஞ்சவங்க, அவங்க ஏன் வரல?"

அதற்குப் பதில் அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் எதிலும் இல்லை. மைக்கைப் பிடித்தபடி நின்ற அரியமுத்துவின் கண்முன், அன்று முந்தானைக்குள் மூடிக்கொண்ட ஆண்டாயியின் கைகள் வந்தன. அந்த அம்மாவும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.