மூட முடியாத ரேடியேட்டர்

புலம்பெயர்ந்து வந்த ஹில்ஸ்பரோவில் அந்த மாடி வீட்டை அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து வாங்கியபோது இரண்டு பேருக்கும் ஒரே அடுப்புத்தான். கீழே மாகிரட், மேலே கெல்வின். பிறகு கெல்வினுக்குச் சம்பந்தம் பேசினார்கள். அவன் குடிப்பான் என்று மன்னாருக்குப் போன் எடுத்துப் பெண் வீட்டாரிடம் சொன்னவள் மாகிரட். சொன்னது உண்மை. ஆனாலும் கல்யாணம் நடந்தது. அன்றோடு தம்பி அக்காவுடன் கதைப்பதை விட்டான்.

வீடு முழுவதையும் சூடாக்குவது ஒரே கேஸ் பாய்லர். அதில் காயும் தண்ணீர்தான் கீழேயும் மேலேயும் அறைகளைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர்களுக்கு ஓடியது. சுவிட்ச் கெல்வினின் அறையில் இருந்தது. ஈஸ்ட் டாமாக்கியிலிருந்த பிஸ்கட் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்றுவிட்டு மாகிரட் வீடு திரும்பும் நேரம் பார்த்து அதை அணைத்துவிடுவான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் படியில் நின்று கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தவள் அவன் மனைவி சுதர்ஷிகா.

"குளிருதெண்டால் கம்பளி ஜம்பரைப் போடட்டாம், மச்சாள்."

அந்த வாரமே மாகிரட் விறகு பாய்லருக்கு ஏற்பாடு செய்தாள். நகரக் கவுன்சிலின் அனுமதி வாங்கினாள். பின்பக்கக் கொட்டகையில் அதை நிறுத்தி, பழைய குழாயோடு இணைக்க வந்தவன் மதுரைக்காரக் கதிர். வேலையைத் தொடங்குமுன் அவன் ஒன்று சொன்னான்.

"கரண்ட் போனா தண்ணிய ஓட விடுற பம்பு நின்னுடும்க்கா. விறகு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சூடு தானா ஏறிப்போக மேல ஒரு ரேடியேட்டர் எப்பவும் திறந்திருக்கணும்."

"மேலயோ? என்ர விறகில அவன் குளிர்காயவோ? ஏலாது."

"அப்போ நான் இணைக்க மாட்டேன். பாய்லர் வெடிச்சா யார் பதில் சொல்றது?"

பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். கதிர் மேலே போய், குளியலறை ரேடியேட்டரை ஒருபோதும் மூடக்கூடாது என்று சுதர்ஷிகாவிடம் சொல்லி, வால்வின் கைப்பிடியையும் கழற்றி எடுத்து வந்தான். கெல்வின் அறையைவிட்டு வெளியே வரவேயில்லை.

அந்த நாட்டில் நடுக்குளிர்காலமான ஜூலையில் ஒரு மாலை, புயலில் தெரு முழுக்க மின்சாரம் போனது. மாகிரட் அப்போதுதான் பாய்லரை விறகால் நிரப்பியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்குள் குழாய்கள் இடிபடத் தொடங்கின. கொட்டகைக்கு ஓடினாள். பாதுகாப்பு வால்வு சீறியது. ஆவியில் எதுவும் தெரியவில்லை. முழங்கையில் கொதிநீர் தெறித்தது. மேலே வால்வு மூடியிருக்கிறதென்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. மழையில் படியேறிக் கதவில் அறைந்தாள்.

"டேய், பூட்டிப்போட்டியோ அதை?"

கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பியின் முகம்.

"ஓம், குறடு போட்டுப் பூட்டினனான். உன்ர சூடு எனக்குத் தேவையில்லை."

"பாய்லர் வெடிக்கப்போகுதடா!"

"வெடிக்கட்டும். ஊருக்கெல்லாம் போன் எடுத்துச் சொல்லன்."

அவனுக்குப் பின்னால் குளியலறையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. சுதர்ஷிகா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அதே குறட்டால் வால்வைத் திருகிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சலசலத்து மேலே ஏறியது. எழுந்து வந்து, புருஷன் பக்கம் திரும்பாமல், சங்கிலியைக் கழற்றினாள்.

"நீங்கள் அண்டைக்குச் சொன்னது பொய் எண்டு நினைச்சுத்தான் இவரைக் கட்டி வந்தனான், மச்சாள். இப்ப உண்மை தெரியுது. அதுக்காக உங்களை நல்லவ எண்டு நினைக்கேல்லை. கீழ போங்கோ."

மாகிரட் எரியும் கையைப் பிடித்தபடி இறங்கினாள்.

மறுநாள் கதிரை வரவழைத்தாள். அவன் வால்வையே அறுத்தெறிந்துவிட்டு வெறும் குழாயை வைத்து ஒட்டினான். இனி அதை யாராலும் மூட முடியாது. அவள் விறகு போடும் போதெல்லாம் மேலே குளியலறை கொதித்தது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கெல்வின் கத்துவது கீழே கேட்கும். அவன் கத்தக் கத்த அவள் இன்னும் இரண்டு கட்டை போட்டாள். கொட்டகையில் தனியே நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை, ஆனால் நிறுத்தவுமில்லை.

குளிர்காலம் முடியுமுன் கெல்வின் பாபடோயிட்டோயில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். சாமான் ஏற்றிய அன்று மாகிரட் வேலைக்குப் போகவில்லை, வெளியே வரவுமில்லை. லொறி புறப்படப்போகும் நேரம் கதவு தட்டப்பட்டது. சுதர்ஷிகா நின்றாள்.

"போட்டு வாறம், மச்சாள். அவருக்குத் தெரியாமல் வந்தனான்."

உள்ளே வா என்ற சொல் மாகிரட்டின் வாய் வரை வந்தது.

"ஓம்," என்றாள். குளிர் உள்ளே வருகிறதென்று கதவைச் சாத்தினாள்.