ஒரே அளவில் ஒன்பது படம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் ‘ரசமட்டம்’ என்று பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, தரை கொஞ்சம் சாய்ந்தாலும் காட்டிக்கொடுக்கும், அந்தக் கருவியின் பெயர் அது. முப்பது வருஷமாக டைல்ஸ் பதிக்கிறவர். யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் தரையைத்தான் பார்ப்பார். என் வீட்டுக் குளியலறையில் ஒரு டைல் அரை நூல் தூக்கி நிற்கிறதாம். ஆறு வருஷமாக அங்கே கை கழுவும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுகிறார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. பேச்சுதான் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பார்களே, அந்த ரகம். அக்கா நேர்மாறு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாள் பூராவும் “மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க” என்று ஊரை அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையை ஒழித்துவிட்டு வண்ணப் பெட்டியைத் திறந்துவிடுவாள். பதினோரு வருஷமாக இதுதான் நடக்கிறது. கிடைத்த தாளில் வரைவாள், காய்ந்ததும் கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டிக்குள் போட்டு மூடுவாள். யாரிடமும் காட்டமாட்டாள். மாமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார்.

“என்னைக்காவது ஒருநாள் என்ன வரையறேன்னு எட்டிப் பாத்திருப்பாராடி?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் அன்றிலிருந்து மாமாவின் மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் உண்டு. ஒளிப்பானேன்?

போன மாதம் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். எட்டு நாள் ஆஸ்பத்திரி. ஏழாவது நாள் மாமா போன் செய்தார். அவராகப் போன் செய்வதே அதிசயம்.

“ஏணியப் புடிக்க ஒரு ஆள் வேணும். வர்றியா?”

போனால் கூடத்தில் ஒன்பது படங்கள் சட்டம் போட்டுச் சுவரில் சாய்ந்திருந்தன. எல்லாம் அக்கா வரைந்தவை. பெட்டியில் இருந்த நூற்றுக்கணக்கானதில் இந்த ஒன்பதைத் தேடி எடுக்க அவருக்கு மூன்று நாள் ஆனதாம். சுவரில் சட்டத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி முதலில் ஒட்டிப் பார்த்திருந்தார். குறுக்கே நூல் கட்டியிருந்தார்.

“என்ன மாமா திடீர்னு?”

“இன்னும் ஒரு மாசத்துக்கு அவ படியெறங்க முடியாது. கண்ணுக்கு எதிர்ல ஏதாவது இருக்கணும்ல.” கொஞ்சம் நிறுத்தி, ஆணியைப் பார்த்தபடி சொன்னார். “எனக்குச் சொல்லத் தெரியாது. இதப் பாத்தா அவளே புரிஞ்சுக்குவா.”

என் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. ஏணியைப் பிடித்தேன். வரிசைக்கு மூன்றாக, மூன்று வரிசை. நூல் பிடித்தாற்போல் நின்றன. அழகாகத்தான் இருந்தன, பொய் சொல்லக்கூடாது.

மறுநாள் காலை அக்கா கைத்தடியோடு உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒரு படத்தின் கிட்டே போனாள், அடுத்ததற்குப் போனாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

“இதெல்லாம் ஒரே அளவுல இல்லியே. எப்படிச் சட்டம் போட்டீங்க?”

மாமா உற்சாகமாகிவிட்டார். இருப்பதிலேயே சின்னப் படத்தை அளவாக வைத்துக்கொண்டாராம். மற்ற எட்டையும் வண்ணம் கெடாமலிருக்கக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாக அளந்து வெட்டினாராம். டைல்ஸ் பதிக்கும்போது முழுக்கல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வர வேண்டும், வெட்டு ஒரே மூலைக்குப் போக வேண்டும். அதே கணக்கில் எட்டுப் படத்திலும் வலது ஓரத்தை மட்டும் எடுத்திருக்கிறார். உயரத்தில் இருந்த சின்ன வித்தியாசம் சட்டத்துக்குள் மறைந்துவிட்டதாம்.

“ரெண்டு மூணு விரக்கடைதான். ஓரத்துல ஒண்ணும் இருக்காதேம்மா.”

“ஓரத்துலதாங்க நீங்க இருந்தீங்க,” என்றாள் அக்கா.

அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசையில் அவள் உட்காரும் இடத்துக்கு வாசல் வலது கைப் பக்கம். சாயங்காலம் மாமா அந்தப் பக்கமாகத்தான் உள்ளே வருவார். அதனால் எதை வரைந்தாலும் வலது ஓரத்தில் அவரைச் சின்னதாகப் போட்டுவிடுவாளாம். பதினோரு வருஷமாக.

மாமாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. திரும்பி விறுவிறுவென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று நினைத்தேன். கருவிப் பையோடு வந்தார். வெட்டிய துண்டை எறிகிற பழக்கம் டைல்ஸ்காரருக்குக் கிடையாது, எப்போதாவது உதவும் என்று வைத்திருப்பார்கள். எட்டுத் துண்டும் ரப்பர் போட்டுச் சுருட்டி இருந்தன. பின்னால் பென்சிலில் ஒன்று, இரண்டு என்று நம்பர் வேறு.

தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக விரித்தார். தோளில் பையோடு தெருமுனையில் திரும்பும் ஒரு ஆள். மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஆள். படியில் குனிந்து செருப்பைக் கழற்றுகிற ஆள். எல்லாம் கட்டைவிரல் உயரம், கண்ணாடி போடாமல் படம் தேடினவர் கண்ணில் படாத அளவு. இடது தோள் இறங்கியிருப்பது வரைக்கும் அச்சாக மாமாதான்.

“இவ்வளவு நாளா என்னையா பாத்துக்கிட்டிருந்த?” என்றார்.

பெரிய சட்டங்கள் வாங்கி, எட்டையும் அவரே மறுபடி சேர்த்தார். வெட்டு தெரியாமல் ஒட்டித் தருவதாகச் சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “கோடு தெரியட்டும். டைல்ஸுக்கு நடுவுல விடுவீங்களே, அந்த மாதிரி விடுங்க.” அப்படியே விட்டார். இப்போது ஒன்பதும் ஒன்பது அளவு. எந்த வரிசையும் நேராக இல்லை, ரசமட்டம் வாழும் வீடு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நேற்று போயிருந்தேன். மாமா ஒன்பதாவது படத்தின் முன்னால் நின்றிருந்தார். அந்தச் சின்னப் படம், அவர் கை வைக்காத ஒன்று. காலியான சாப்பாட்டு மேசை, அதன்மேல் ஒரு தண்ணீர்ச் செம்பு, அவ்வளவுதான். படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

“இத நான் வெட்டவே இல்ல,” என்றார் அக்காவிடம், குற்றம் செய்தவர் போல. “ஆனா இதுல என்னைக் காணோமே.”

அக்கா காலை நீட்டியபடி, வரைவதிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்.

“அன்னைக்கு நீங்க எம்மேல சாஞ்சு தூங்கிட்டு இருந்தீங்க. அசைஞ்சா முழிச்சிடுவீங்கன்னு எதிர்ல இருந்ததத்தான் வரைஞ்சேன்.”