சவரிமுத்துவின் செக்கிங் மேஜை

1. கேட் பாஸ்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

"கேட் பாஸ் இருக்கா?"

"இல்லீங்க. இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர வாரேன். புது சூப்பர்வைசர்."

"பாஸ் இல்லாம யாரும் உள்ள போக முடியாது. ஆர்டர்."

"பாஸ் யாரு குடுப்பாங்க?"

"சூப்பர்வைசர்."

வாட்ச்மேன் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். எல்லோரும் அவரை ஹவில்தார் என்றே கூப்பிட்டார்கள். நான் எவ்வளவோ சொல்லியும் அவர் அசையவில்லை. முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கும் வரை வெயிலில் நின்றேன்.

"ஏன் சரோசா இங்கன நிக்கே? உள்ள போகலாம்ல?" என்றார் முதலாளி.

ஹவில்தார் அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார். அவரிடமும் பாஸ் கேட்பாரோ என்று பார்த்தேன். கேட்கவில்லை.

இது எண்பதுகளின் நடுவில். அதற்கு முன் ராஜபாளையத்தில் பெரிய பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பெண்ணாகச் சேர்ந்து சூப்பர்வைசர் வரை வந்திருந்தேன். பெருமாள்சாமி முதலாளியின் யூனிட் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருந்தது. சின்ன யூனிட். பின்னால் பவர்லூம் ஷெட். பக்கத்தில் பிளீச்சிங் தொட்டிகள். வெளுத்த துணியை மொட்டை மாடியில் காயப்போட்டு, கீழே செக்கிங், கட்டிங், ரோலிங், பேக்கிங். மதுரையில் ஒரு ஏஜெண்ட் சரக்கை எடுத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்துவந்தார். அவர் ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார். துணியில் பழுப்புப் புள்ளிகள். அதைச் சரிசெய்யத்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டிருந்தார்.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தங்கமான மனிதர். யார் வந்து கஷ்டம் என்று நின்றாலும் "பாவம்" என்பார். மறுநாள் அந்த ஆள் யூனிட்டில் இருப்பார். டீ போட ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். மம்சாபுரத்தில் இருந்து புருஷனை இழந்து இன்னொரு பெண் வந்து அழுதாள். அவளையும் டீ போட வைத்தார். அதனால் எங்களுக்கு ஒவ்வொரு வேளையும் இரண்டு டீ வந்தது. ஒருத்தி டீயைக் குடித்துவிட்டு இன்னொருத்தி டீயை வேண்டாம் என்றால் மனவருத்தம். மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் இரண்டு டீயும் குடிப்பார்கள்.

முதல் வாரத்தில் மம்சாபுரத்துப் பெண்ணை ரோலிங்குக்கு மாற்றினேன். அவளுக்குச் சந்தோஷம். முதலாளிதான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "அவ நல்லா டீ போடுவா சரோசா" என்றார்.

2. முதல் தரம்

செக்கிங் மேஜையில் சவரிமுத்து இருந்தார். அறுபது வயதை ஒட்டியவர். முதலாளி இரண்டு தறி வைத்துத் தொழில் தொடங்கிய காலத்தில் இருந்து கூடவே இருக்கும் நெசவாளி. துணியை இழுத்து இழுத்து உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "பஞ்சு மாதிரி இருக்கு. முதல் தரம்" என்று ஸ்டாம்ப் அடிப்பார். நாள் பூராவும் முதல் தரம்தான். இரண்டாம் தரம் என்று ஒரு துணி அந்த மேஜையில் பிறக்கவே இல்லை.

எனக்குச் சந்தேகம். ஒரு துணியில் ஊதாப் பென்சிலால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, கட்டோடு கட்டாக மேஜையில் வைத்தேன். தடவினார். ஸ்டாம்ப் அடித்தார்.

"அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க."

கை நின்றது. துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதலாளிகிட்ட சொல்லிராத தாயி."

"உங்களுக்கு எம்புட்டுத் தெரியுது?"

"ஆளு வந்தா நிழலாட்டம் தெரியும். பொறவு கொரல வச்சுக் கண்டுக்கிடுவேன். நீ வளையல் போட்டுருக்க, அதனால நீ வாரது தூரத்துலயே தெரிஞ்சுபோகும்."

கோபப்படுவதா, பாவப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து தலைவலிதான் வந்தது. நேராக முதலாளியின் அறைக்குப் போனேன்.

"மொதலாளி, சவரிமுத்து அண்ணாச்சிக்குக் கண்ணு தெரியல."

"தெரியும்" என்றார் அவர், நிதானமாக. "புரை விழுந்துருக்கு போல. கண்ணு தெரியாம தறியில கையக் குடுத்துட்டாருன்னா என்ன செய்ய? அதான் தறியில இருந்து எடுத்து செக்கிங்ல போட்டேன்."

"செக்கிங்குக்குத்தான மொதலாளி கண்ணு வேணும்!"

"மெல்லப் பேசு. அவிய காதுல விழுந்துறப் போகுது. மனசு சங்கடப்படும்."

சவரிமுத்து முதலாளியிடம் மறைக்கிறார். முதலாளி தனக்குத் தெரியும் என்பதை அவரிடம் மறைக்கிறார். நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியில் புள்ளி. அன்று பஸ்ஸில் தொடங்கிய புலம்பலை வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் நிறுத்தவில்லை. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்திருந்த என் வீட்டுக்காரர், "பேசாம பழைய கம்பெனிக்கே போயிரு" என்றார். போயிருக்கலாம். ஆனால் அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போக மனமில்லை.

3. வேன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் போடுவதாகத் தட்டி வைத்திருந்தார்கள். சவரிமுத்துவிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை.

"இருக்க வெளிச்சமும் போயிருச்சுன்னா?"

"இருக்க வெளிச்சத்த வச்சு என்னத்தப் பாக்கீங்க?"

"நா நடந்து வேலைக்கு வாரேம்ல. அது போயிட்டா வீட்டுல மூலைல உக்கார வச்சுருவாங்க, தாயி."

இரண்டு நாள் பேசினேன். கெஞ்சினேன், மிரட்டினேன். கடைசியில் அவர் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அந்தம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. அவருக்கு லீவு வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். முதலாளியின் முகம் மலர்ந்தது.

"நல்ல காரியம் சரோசா! அவிய மட்டும் ஏன் போகணும்? எல்லாருக்கும் பாத்துருவோமே. பாவம், இதுகளுக்கு யாரு கண்ணு பாத்துவிடப் போறா?"

"மொதலாளி, அன்னைக்குத்தான் ஏஜெண்ட் சரக்கெடுக்க வாராரு."

"அவரு சாயங்காலம்தான வருவாரு. போயிட்டு வந்துறலாம்."

வேன் பிடித்துவிட்டார். தறிக்காரர்கள், பிளீச்சிங் ஆட்கள், ரோலிங் பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். ஹவில்தார் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். போகிற வழியில் பெண்கள் பாட்டு பாடினார்கள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

முகாமில் நல்ல கூட்டம். வரிசையில் நின்று பார்த்ததில் எங்கள் ஆட்கள் எல்லோர் கண்ணும் நல்ல கண் என்று தெரிந்தது. முதலாளிக்கு மட்டும் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். சவரிமுத்து நடுவில் ஒருமுறை நழுவப் பார்த்தார். ஹவில்தார் அவரைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்து டாக்டர் முன்னால் நிறுத்தினார். அந்த ஒரு வேலைக்காக ஹவில்தார் என்னைக் கேட்டில் வெயிலில் நிற்க வைத்ததை மன்னித்தேன். மதுரையில் ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்று டாக்டர் சொன்னார். மதுரைக்குப் போகிற பஸ்ஸில் சவரிமுத்துவையும் அவர் மனைவியையும் ஏற்றிவிட்டோம்.

திரும்பி வந்தால் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஏஜெண்ட். டெம்போ ரோட்டோரம் நிற்கிறது. காலையிலேயே வந்துவிட்டாராம். வேனில் இருந்து நாங்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குத் துணி குடுக்கீங்களா, இல்ல நீங்களே ஆஸ்பத்திரி நடத்துறீங்களா?"

முதலாளி சிரித்தார். "கோவப்படாதீங்க. உங்களுக்கும் கண்ணு பாத்துருக்கலாம். நாளைக்கும் முகாம் இருக்கு."

ஏஜெண்ட் சரக்கை ஏற்றிக்கொண்டு போனார். அது ஏற்கெனவே சவரிமுத்து முதல் தரம் என்று ஸ்டாம்ப் அடித்துப் பெட்டியில் அடைத்த சரக்கு. அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. சில நாட்களில் அப்படியே திரும்பி வந்தது. கூட ஏஜெண்டும் வந்தார்.

"இன்னொரு லாட் தாரேன். அதுலயும் புள்ளி வந்தா நா வேற ஆளப் பாத்துக்கிடுதேன். இதுக்கு மேல எங்கிட்ட எதுவும் பேசாதீங்க."

அந்த ஆர்டர் போனால் பாதித் தறிகளை நிறுத்த வேண்டும். ரோலிங்கில் இருந்த பெண்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இது அந்தப் பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு யாரும் பாடவில்லை.

4. கண்ணாடி

செக்கிங் மேஜையில் நானே உட்கார்ந்தேன். புள்ளி எப்படி வருகிறது என்று கேட்டால், பிளீச்சிங்காரர்கள் நூலைக் குறை சொன்னார்கள். தறிக்காரர்கள் பிளீச்சிங் தண்ணீரைக் குறை சொன்னார்கள். தண்ணீரை மாற்றினேன், மருந்தை மாற்றினேன். எல்லோரிடமும் சண்டை போட்டேன். புள்ளி நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் புள்ளி உள்ள இடங்களை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்தோம். துணியில் பெரும்பகுதி குப்பைக்குப் போனது.

கடைசி லாட் எடுக்க ஏஜெண்ட் டெம்போவோடு வந்த அன்று சவரிமுத்துவும் வேலைக்கு வந்தார். சோடாபாட்டில் அடி மாதிரி தடித்த கண்ணாடி. கண் இரண்டும் பெரிசு பெரிசாகத் தெரிந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இம்புட்டுச் சின்னப் பிள்ளையா? உன் சத்தத்துக்கு நா வேற மாதிரி நெனச்சிருந்தேன்."

மேஜைக்குப் போனார். பேக்கிங்குக்குக் காத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வலது பக்கம் ஒதுக்கினார். அடுத்ததையும் வலது பக்கம். அதற்கடுத்ததும். ஸ்டாம்ப்பைத் தொடவே இல்லை.

"அண்ணாச்சி, வெளியே டெம்போ நிக்கி."

"நிக்கட்டும். இதப் பாரு, ஓரத்துல மங்கலா பழுப்பு இருக்கு."

இருந்தது. நாங்கள் வெட்டியது போக ஓரத்தில் லேசாகத் தங்கியிருந்தது. நானும் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று விட்டதுதான். "இதெல்லாம் பெருசா தெரியாது" என்றேன். கட்டிங்கையும் நிறுத்தச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. கண் தெரியாதபோது எல்லாவற்றையும் விட்டார்; தெரிந்த பிறகு எதையும் விடமாட்டேன் என்கிறார். முதலாளியைக் கூட்டி வந்தேன்.

"சவரிமுத்து, இந்த ஒரு தடவ விட்டுருங்க. பாவம், பிள்ளைக எல்லாம் வேலைய நம்பி இருக்கு" என்றார் முதலாளி.

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

"மொதலாளி, எங்கண்ணுல துணிய வச்சுக் கட்டுனாங்க. கட்டு அவுத்த அன்னைக்கு மொத மொதல்ல நா பாத்தது அந்தத் துணியத்தான். நர்ஸம்மா கையில வச்சுருந்துச்சு. அம்புட்டு வெள்ள. நம்ம துணியா இருந்தா எங்கண்ணு என்னாயிருக்கும்? இத எவங் கண்ணுல வைக்கச் சொல்லுதீங்க, நீங்களே சொல்லுங்க."

முதலாளி ஒதுக்கிய துணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் வெளியே போய் ஏஜெண்டிடம், "இன்னைக்குச் சரக்கு இல்ல. சுத்தமான துணி இல்லாம பெட்டி கட்ட மாட்டோம். நாலு நாள் குடுங்க" என்று நேரடியாகச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சவரிமுத்து வெட்டாத துணி ஒன்றை முற்றத்தில் நீளமாக விரிக்கச் சொன்னார். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். புள்ளிகள் சமமான இடைவெளியில் வந்தன. நான் துண்டு துண்டாகவே பார்த்ததில் அது தெரியவில்லை. துணி சம இடைவெளியில் எதன் மேல் படுகிறது? இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. மொட்டை மாடிக்கு ஓடினோம். வரிசையாகக் கட்டிய கொடிக்கம்பிகளின் மேல் ஈரத்துணி தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியைத் துடைத்துப் பார்த்தால் விரலெல்லாம் துரு.

"நம்ம கம்பி துருப்பிடிக்காததாச்சே" என்றார் சவரிமுத்து.

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்த முதலாளி தலையைச் சொறிந்தார்.

"கொஞ்சத்த மாத்துனேன். நம்ம தெருப் பையன் ஒருத்தன் பழைய இரும்புக் கடை போட்டான். யாவாரமே இல்லன்னு வந்து நின்னான். பாவம்னு…"

நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேரோடு சண்டை! எவ்வளவு துணி குப்பையில்! சவரிமுத்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டேன்.

அன்றே கம்பியை எல்லாம் அறுத்துவிட்டு நைலான் கயிறு கட்டினோம். நாலு நாளில் கொடுத்த லாட் திரும்பி வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

5. பிறகு

இதோடு முதலாளி திருந்தியிருப்பார் என்று நினைப்பீர்கள். அடுத்த மாதமே ஒருவரைக் கூட்டி வந்தார்.

"இவருக்குக் காது சுத்தமா கேக்காது சரோசா. வெளியே யாரும் வேலை தர மாட்டேங்காங்க. ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கட்டும்."

இந்தத் தடவை நான் கத்தவில்லை. அந்த மனிதரை ரோலிங் மேஜைக்குக் கூட்டிப்போய், பேண்டேஜ் சுற்றுவதைக் கையால் செய்து காட்டினேன். அன்று சாயங்காலத்துக்குள் பழகிக்கொண்டார். தொண்ணூறுகளில் நான் வேலையை விடும்போதும் அங்கேதான் இருந்தார்.

சின்னக் கம்பெனிகளில் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். கெட்ட முதலாளியோடு சண்டை போடலாம். நல்லவரோடு சண்டை போட்டால் நமக்குத்தான் கெட்ட பெயர். அவர்களை மாற்ற முயன்று தொண்டைத் தண்ணீரை வற்ற வைக்காதீர்கள். ஆளை அவர் சேர்க்கட்டும். அந்த ஆள் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை நீங்கள் பாருங்கள். அந்த வேலையைச் செய்ய அவருக்கு ஏதாவது குறைகிறதென்றால் முதலில் அதைச் செய்து கொடுங்கள். உதவி என்றால் அதுதான். ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் குறை தெரியாத மாதிரி நடிப்பது உதவி இல்லை.

இதை முதலாளியிடமும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சொல்லுறது நூத்துக்கு நூறு சரி சரோசா" என்பார். பிறகு கேட் பக்கம் பார்ப்பார். அங்கே யாராவது ஒருவர் வந்து நின்றிருப்பார்.