பாதத்தால் அளந்த மாதா கோயில்

மீமிசலுக்குத் தெற்கே, ரோட்டை ஒட்டி ஒரு மாதா கோயில் இருந்தது. இருபது குடும்பங்களுக்கான கோயில். ஓட்டுக் கூரை, பக்கத்துக்கு நான்கு ஜன்னல், கடலைப் பார்த்த வாசல். வாசலுக்கு முன்னால் சிமெண்டுப் பீடத்தில் ஒரு கொடிமரம். ஃபாதர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கூட்டுவதும் மணியடிப்பதும் ஒரு அக்காதான். புருஷன் செத்துப்போனவர், பிள்ளை இல்லை. நான் அப்போது ஐஸ் பிளாண்டில் பாளம் உடைத்துப் பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்தேன். தங்க இடம் கேட்டபோது கோயிலுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையை அக்கா காட்டினார். மழைக்கு ஒழுகும். வேறு இடம் கிடைக்கவில்லை.

ஒருநாள் காலையில் அளவெடுக்க வந்தவர்கள் கோயிலின் மேற்குச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். ரோடு அகலமாகிறது, கோயில் முழுவதும் போகும். கொடிமரம் மட்டும் தப்பும். வளாகத்தில் சிலுவை நட்ட கல்லறைகள் ஐந்து இருந்தன. அவற்றைப் பங்குக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றித் தருவதாக ஃபாதர் சொன்னார்.

அன்று சாயங்காலம் அக்கா கொட்டகைக்கு வந்து ஒரு விஷயம் சொன்னார். தெற்குச் சுவருக்கு வெளியே, சுவரோரம், மூன்றாவது ஜன்னலுக்கு நேரே, அவருடைய பெண் குழந்தை கிடக்கிறது. பிறந்து எட்டாம் நாள் இறந்தது. ஞானஸ்நானம் ஆகவில்லை. அப்போதைய வழக்கத்தில் அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. கோயில் நிழலாவது படட்டும் என்று புருஷன் தன் கையால் குழி தோண்டிப் புதைத்தார். கல் வைக்கவில்லை. வைத்தால் கேள்வி வரும். முப்பது வருஷமாக வேறு யாருக்கும் தெரியாது. சிலுவை இல்லாததால் ஃபாதரின் கணக்கில் அது ஆறாவதாக ஏறவில்லை. கோயில் நின்றால் பிள்ளை அங்கேயே கிடக்கும். போனால் அதன் மேல் லாரி ஓடும்.

என்னிடம் வந்து சொன்னதற்குக் காரணம் என் போன். நான் எட்டாவதோடு நின்றவன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் தமிழ் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு சித்தன்னவாசல் மலையடியில் வெள்ளரிக்காய் விற்றேன். அங்கே வருகிறவர்கள் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து, ஓவியத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவார்கள். அதில் யாரும் எழுதலாம் என்று அங்கே வந்த ஒரு வாத்தியார் சொன்னார். அதிலிருந்து போகிற ஊரைப் பற்றியெல்லாம் நாலு வரி சேர்ப்பது எனக்குப் பழக்கம். பெரிய கோயில்களைப் பற்றி அதில் இருப்பதை அக்காவுக்குக் காட்டியிருந்தேன்.

"எட்டாப்பு எழுதுறத எவன் படிப்பான்னு அன்னைக்குக் கேலி பண்ணேன். இப்ப நீதான் எழுதணும் தம்பி. அதுல ஏறிட்டா இடிக்க யோசிப்பாங்கல்ல?" என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். யோசிப்பாங்க என்றேன்.

எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றுமில்லை. புத்தகத்தில் வந்ததில்லை, பேப்பரில் வந்ததில்லை. திருவிழா நோட்டீஸ் இரண்டு கிடைத்தது. அதனால் அளவுகளை எழுதினேன். டேப் இல்லாததால் கோயிலுக்குள் நடக்கிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் விரலும் ஒட்டப் பாதம் பாதமாக வைத்து எண்ணினேன். கொடிமரப் பீடத்திலிருந்து வாசல் முப்பத்தொன்று. வாசலிலிருந்து மூன்றாவது ஜன்னல் இருபத்தேழு. நடுவிலிருந்து சுவர் பத்து. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"எம்புள்ளையையும் ஒரு வரி போட்டு விடு" என்றார் அக்கா. பேர் இல்லாத பிள்ளையை எப்படிப் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வேறொன்றைப் போட்டேன். "இருநூறு ஆண்டுகள் பழமையானது." எங்கள் பக்கம் எந்தச் சாமி கோயிலைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

கோயிலை இடிக்க வேண்டாம் என்று ரோட்டு ஆபீசுக்குக் கொடுத்த மனுவோடு ஃபாதர் அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வைத்தார். இரண்டு வாரத்துக்குள் கலைக்களஞ்சியத்தில் ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டு எழுதினார். எங்கே இருக்கிறார், யார் என்று தெரியாது. மரியாதையாகவே கேட்டார். அளவுகளை எடுத்தது யார்? நான் என்றேன். அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்றார். இருநூறு ஆண்டு என்பதற்கு என்ன சான்று? எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன். நான் ஏற்றிய படத்தையே அவர் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். வாசலுக்கு மேலே அடிக்கல் நாட்டிய வருஷம் செதுக்கியிருந்தது. அது என் அப்பா பிறந்ததற்கும் பிந்திய வருஷம். சுண்ணாம்பு அடித்து அடித்து மங்கியிருந்ததால் என் கண்ணில் அது படவேயில்லை. கட்டுரையை நீக்கினார்கள். இன்றைக்கும் அவர் மீது எனக்குக் கோபமில்லை. கேட்டதெல்லாம் சரியான கேள்வி.

ஆபீசில் மனுவைப் பார்த்த அதிகாரி தன் போனில் தேடியிருக்கிறார். நீக்கப்பட்டது என்ற அறிவிப்புதான் வந்தது. காரணமும் கீழேயே இருந்தது.

"இருநூற ஏன்ப்பா போட்ட?" என்று ஃபாதர் கேட்டார்.

"நீங்களும் திருவிழாவுல சொன்னீங்களே ஃபாதர்."

"நான் சொன்னது பிரசங்கம்" என்றார். பிறகு அவரே தலை குனிந்துகொண்டார்.

அந்த வரி இல்லாவிட்டாலும் ரோடு வந்திருக்கும். நாலு பத்தி எழுத்துக்காக யாரும் ரோட்டை வளைக்கப் போவதில்லை. ஆனால் என் பேச்சை நம்பித்தான் அக்கா ஃபாதரிடம் போய்ப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் இருந்தார். சொல்லியிருந்தால் ஐந்தோடு ஆறாக எடுத்திருப்பார்கள்.

நான் ஐஸ் வேலையை விட்டு திருப்பூர் போய்விட்டேன். அக்கா சுகர் மாத்திரை வாங்கப் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாளில் மிஷின் வந்தது. மத்தியான பஸ்ஸில் அவர் திரும்பி வந்தபோது சுவர் இல்லை. கொஞ்ச நாளில் மண்ணைச் சமப்படுத்தி ஜல்லியும் பரப்பிவிட்டார்கள். அவர் போன் பண்ணினார். அழவில்லை. "எங்கன கெடந்துச்சுன்னு தெரியல தம்பி. அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து பாக்குறேன், எல்லாம் ஒண்ணு போலருக்கு. நீ அளந்தேல்ல?" என்றார்.

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ரோட்டு வேலை ஆட்கள் சாப்பாட்டுக்கு ஒதுங்கிய நேரம். வெயிலில் ஜல்லி கொதித்தது. கொடிமரப் பீடத்தில் குதிகாலை ஒட்டி வைத்துக் கிளம்பினேன். முப்பத்தொன்று, வாசல். இருபத்தேழு, மூன்றாவது ஜன்னல். இடது கைப் பக்கம் திரும்பிப் பத்து. அதற்கு மேல் சுவரின் கனத்துக்கு ஒன்றும், வெளியே இரண்டும். நின்றேன். அக்கா அந்த இடத்தில் உட்கார்ந்து ஜல்லியைக் கையால் விலக்கினார். கடப்பாரை போட்டு இடுப்பளவு தோண்டினேன். மணலும் கிளிஞ்சல் துண்டுகளும்தான் வந்தன. எலும்பு என்று சொல்ல எதுவும் இல்லை. எட்டு நாள் பிள்ளை, முப்பது வருஷம், உப்பு மண். இருக்காது என்று எனக்கும் தெரியும்.

"இதுதானா?" என்றார்.

"இதுதாங்க்கா."

அந்த மண்ணை ஒரு சிமெண்டுச் சாக்கில் பாதி அள்ளினோம். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார். கல்லறைத் தோட்டத்தில் சுவரோரம் குழி தோண்டிக் கொட்டினோம். ஃபாதர் வந்து ஜெபம் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது அறந்தாங்கியில் பஸ் மாறினேன். செருப்பில் ஒரு ஜல்லிக் கல் குத்தியிருந்தது. அதைப் பிடுங்கக் குனிந்தபோதுதான் உறைத்தது. முதலில் அளந்தது வெறுங்காலில். இன்று சூடு தாங்காமல் செருப்போடு அளந்திருக்கிறேன். ஒவ்வொரு பாதத்துக்கும் அரை இஞ்சோ ஒரு இஞ்சோ கூடியிருக்கும். ஐம்பத்தெட்டு பாதத்துக்கு மூன்று, நான்கு அடியாவது மேற்கே தள்ளிப் போயிருப்பேன். அந்தப் பிள்ளைக்கு வெட்டிய குழி இரண்டடி நீளம்கூட இருந்திருக்காது. மீமிசல் பஸ் எதிரே நின்றது. ஏறவில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது அங்கே தார் போட்டு வெள்ளைக்கோடும் இழுத்துவிட்டார்கள்.

போன மாதம் அக்கா போன் பண்ணினார். சின்னதாக ஒரு கல் வைத்துவிட்டாராம். வெள்ளிக்கிழமைதோறும் மெழுகுவர்த்தி வைக்கிறாராம்.

"பேரும் வெட்டியாச்சு. இப்பத்தான் கல்லு இருக்குல்ல தம்பி, இப்ப எழுதிப் போட்டா ஒத்துக்குவாங்கல்ல?"

பாக்குறேங்க்கா என்று சொல்லிவிட்டு வைத்தேன்.