பூசி மெழுகிய சுவர்

சென்ற வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு காலை நேரத்தில் பதுளையில் நிலம் அதிர்ந்தது. மூச்சை இழுத்து விடும் நேரம்தான். பஸ் நிலையத்தில் நின்றிருந்த எனக்குப் பெரிய லொறி ஒன்று பக்கத்தில் போனது போலத்தான் இருந்தது. கடைகளில் தொங்கிய வாளிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்ட பிறகுதான் எல்லோரும் தெருவுக்கு ஓடினோம்.

நான் அப்போது ஓர் அலுவலகத்தில் பட்டதாரிப் பயிலுநர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன். சேதங்களைப் பார்வையிட வந்த பொறியியலாளருடன் போய்ப் படம் எடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். தன் கண்ணால் பார்க்காத எதையும் எழுத மாட்டார்.

முதலில் நகரத்தைப் பார்த்தோம். கடைக்காரர்கள் எங்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போய் மயிரிழை வெடிப்பைக்கூடக் காட்டினார்கள். ஒரு துணிக்கடைக்காரர் அலமாரியையே நகர்த்தி, டோர்ச் அடித்து, "மிஸ், இதையும் ஒரு படம் எடுங்க" என்றார். அவர் காட்டியது சிலந்தி வலை. பொறியியலாளர் அதை விரலால் துடைத்துவிட்டு, அடுத்த கடைக்கு நடந்தார்.

பிறகு தேயிலைத் தோட்டங்களின் முறை வந்தது. நகரத்துக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தோட்டமும் அதில் ஒன்று. தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அதிர்வு வந்த அன்று மாலையே நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்தச் சுவர் கூரையிலிருந்து தரைவரை பிளந்திருந்தது. கையை வைத்தால் காற்று வந்தது. லயத்தின் பின்னால் செங்குத்தான மண்மேடு வேறு. அடைமழை தொடங்கினால் சுவர் நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'குடியிருக்கத் தகாதது' என்று பொறியியலாளர் எழுதினால்தான் தோட்டத்தில் எங்களை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள்.

நான் நகரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்ததால், "நாளைக்கு எங்க சேரோட வர்றேன்" என்று அம்மாவுக்குப் போனில் மட்டும் சொல்லியிருந்தேன்.

மறுநாள் லயத்தைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. முழு லயமும் வெள்ளை வெளேரென்று இருந்தது. வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம்கூடப் போட்டிருந்தார்கள். உள்ளே போனால் வெடிப்பைக் காணவில்லை. சாம்பல் நிறக் களிமண்ணைக் குழைத்து அப்பி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

லயத்துக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சுற்றிப் பார்க்க வந்தாலும், தேர்தலுக்கு ஆள் வந்தாலும், சுண்ணாம்பு வாளி வெளியே வந்துவிடும். ஏச்சு விழும் என்ற பயத்தில் தொடங்கியது, பிறகு மரியாதையாகிவிட்டது.

பொறியியலாளர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன பிள்ளை, இஞ்ச ஒண்டையும் காணேல்லையே. நல்லாத்தானே இருக்கு" என்றார்.

நான் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப் போனேன். "என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க? அந்த வெடிப்பப் பாக்கத்தானே அவரு வந்திருக்காரு!"

"அதுக்காக? ஓட்ட வீட்டுக்கா ஒங்க சேர கூட்டிட்டு வருவ? எம் மக ஆபீஸ்ல வேல செய்யுதுனு தோட்டம் பூரா சொல்லி வச்சிருக்கேன். இதப் பாத்தா நாளைக்கு ஒன்ன அவரு மதிப்பாரா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் மரியாதையைக் காப்பாற்றத்தான் அந்தச் சுவரைப் பூசி மெழுகியிருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக்கூடப் போகாமல் அடித்திருக்கிறார்கள்.

பொறியியலாளர் பேனாவை மூடினார். "காணாததை நான் எழுதேலாது. வாரும், அடுத்த லயத்துக்குப் போவம்."

நான் வாசலை மறித்து நின்றேன். "சேர், நான் பொறந்த காம்பரா இது. இத எழுதாம நான் வர மாட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன, வெருட்டுறீரோ?"

"இல்ல சேர். காட்டுறேன்."

கூரையில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவினேன். தேயிலைச் செடியை வெட்டும் வளைந்த கத்தி அது. சுவரைச் சுரண்டத் தொடங்கினேன். ஈரம் காயாத மண் பாளம் பாளமாக விழுந்தது.

"அய்யோ பாப்பா, காலைலதான் அடிச்சோம்!" என்று அம்மா கத்தினார்.

"கத்தியாலை கிழிச்சுப்போட்டு வெடிப்பெண்டு எழுதச் சொல்லுறீரோ?" என்றார் பொறியியலாளர். நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்லுமுன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துக் காம்பரா அக்காவின் குரல் வந்தது.

"யாரு அங்க சொவத்த சொரண்டுறது? பெருச்சாளியா?"

"நாந்தாங்க்கா! ஒங்க பக்கமும் சொரண்டுங்க. வெடிப்பக் காட்டணும்!"

"காலைல பூசணுமாம், இப்ப சொரண்டணுமாம். நல்லாத்தான் படிச்ச போ!"

ஆனாலும் சுரண்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளரின் மூக்குக்கு நேரே சுவரிலிருந்து ஓர் ஈர்க்குச்சி நீண்டு வந்தது. அவர் துள்ளிப் பின்னால் நகர்ந்தார்.

"சேர், வந்துச்சா? பத்தலனா வெளக்கமாத்தயே விடுறேன்!"

அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, "தள்ளு, ஒனக்குக் கத்தி பிடிக்கவே தெரியல" என்று தானே சுரண்டத் தொடங்கினார்.

பொறியியலாளர் மட்டும் விடவில்லை. "வெடிப்பு இருக்குத்தான். உது பழசாயும் இருக்கலாமெல்லோ?"

அடுப்புப் பக்கத்துச் சுவரில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள ஒரு வெடிப்பைக் காட்டினேன். அதன் உட்புறம் கன்னங்கரேலென்று இருந்தது. விறகு எரிக்கும் வீட்டில் புகை நுழையாத இடம் இல்லை. "பழசுனா உள்ள கரி ஏறியிருக்கும் சேர். இதப் பாருங்க, உள்ள மண்ணு செவப்பாவே இருக்கு." அவர் இரண்டிலும் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் கறுப்பு, ஒரு விரல் சிவப்பு. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "அளவு நாடாவை எடும்" என்றார்.

நாங்கள் வெளியே வந்தபோது லயம் முழுவதும் சுரண்டும் சத்தம். காலையில் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம், "சேர், எங்க வீட்டுக்கு வாங்க" என்று அவரைப் போகவிடாமல் மறித்தார்கள். நான் ஒன்றையும் விடாமல் படம் எடுத்தேன்.

அவர் உள்ளபடியே எழுதினார். மழைக்கு முன்பே எங்களைக் கோயில் மண்டபத்துக்கும், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கும் மாற்றினார்கள். அடைமழையில் மண்மேடு இறங்கி, எங்கள் காம்பராவும் பக்கத்துக் காம்பராவும் விழுந்தன. உள்ளே யாரும் இல்லை.

வீடு கட்டக் காணி இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு நான் அலுவலகம் அலுவலகமாகப் போகிறேன். "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்கிறார்கள்; நான் மறுபடியும் போகிறேன். எங்களுக்கு நேர்ந்ததை நேர்ந்தபடியே, தலை குனியாமல், யார் முன்னாலும் எடுத்துக் காட்டுவதுதான் மரியாதை என்று அன்று தெரிந்துகொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை.